கைராசிக்காரன் வீட்டுக் குடம்

மச்சான்,

உன் வீட்டுப் பித்தளைக் குடத்தை நேற்று உன் மனைவிக்கே விற்றேன். சும்மா கொடுக்கத்தான் எடுத்துப் போனேன், வசந்தா விடவில்லை. விலை பேசி, தவணை பேசி, அப்புறம்தான் கையில் வாங்கினாள். என்ன விலை என்று தெரிந்துகொள்ள உனக்குத் துடிக்கும். இரு, கடைசியில் சொல்கிறேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கடைப் பரணில் இருந்த சாமான்களை இறக்கியபோது, சாக்கில் சுற்றிய அந்தக் குடமும் இறங்கியது. கறுத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரி சகுந்தலா அதைப் புளி போட்டுத் தேய்த்தாள். ஈரப் பித்தளையும் புளியும் கலந்த அந்த வாடை வந்ததும் கிட்டே போய்ப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே வசந்தாவின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. பெயருக்கு அடியில் ஒரு சின்ன இலை. கபூர் பாய் வெட்டிய பெயர் என்பதற்கு அந்த இலைதான் கையெழுத்து.

நாம் இரண்டு பேரும் ஒரே வருஷம் ஆவடிக்குப் பிழைக்க வந்தவர்கள். உன் சைக்கிள் கேரியரில் சேலை மூட்டை, என் கேரியரில் பாத்திர மூட்டை. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் தெருக்களில் நான் தொண்டை வறளக் கத்தினால் ஒரு கதவு திறக்கும். நீ சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்தால் நாலு கதவு திறக்கும். மதுரைப் பக்கத்து அம்மாவிடம் மதுரைப் பேச்சு, கோயம்புத்தூர் அம்மாவிடம் கோயம்புத்தூர்ப் பேச்சு. சேலை வாங்காத வீட்டிலும் உனக்கு மோர் கொடுப்பார்கள். நான் அதே வாசலில் நின்று வெயிலில் காய்ந்த தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அன்று பிடித்தது எனக்கு, உன்மேல் அந்த எரிச்சல். இன்னும் முழுசாக விடவில்லை. செத்தவன்மேல் பொறாமைப்படுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்புறம் மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்துக் கடை பிடித்தோம். நான் கடை திறந்த அன்று, முதல் போணி நீதான் செய்யவேண்டும் என்று சகுந்தலா ஒற்றைக் காலில் நின்றாள். அதற்குள் உனக்குக் 'கைராசிக்காரன்' என்று பெயர் வந்துவிட்டது. மார்க்கெட்டில் யார் புதுக்கடை போட்டாலும் முதல் வியாபாரத்தை உன் கையால்தான் தொடங்குவார்கள். நீ வந்தாய், சுவரில் தொங்கிய கரண்டி ஒன்றை எடுத்தாய்.

"இன்னா வெல மாமே?"

"எட்டு ரூவா."

"எட்டு ரூவா கரண்டிக்கா, கடைக்கா? அஞ்சு வெச்சுக்க."

"டேய், மொத போணிடா. பேரம் பேசாத."

"பேரம் பேசாம வாங்கினா அது யாவாரமாடா? பிச்சை. ஆறு. அதுக்கு மேல பைசா பேராது."

ஆறுக்கே கொடுத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் பாதிக் கடை காலி. அது தொழிற்சாலைச் சம்பளத் தேதி. அன்றைக்குக் கடை திறக்கவேண்டும் என்று மூன்று மாதமாகக் கணக்குப் போட்டவன் நான். சகுந்தலா என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த அண்ணன் கை பட்டுச்சு பாருங்க!" புத்தி என்னுடையது, பெயர் உன் கைக்கு.

வசந்தாவுக்கும் உனக்கும் கல்யாணம் ஆகிக் கோவில்பதாகையில் குடித்தனம் வைத்தபோது, அவள் அப்பா சீர்ப் பாத்திரம் எல்லாம் என் கடையில்தான் எடுத்தார். பூந்தமல்லியில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து என் கடையில் பெயர் வெட்டிக்கொடுத்த கபூர் பாய், அத்தனை பாத்திரத்திலும் உட்கார்ந்து வெட்டினார். இந்தக் குடம் அந்தச் சீரில் ஒன்று.

உனக்கு லாட்டரியில் பத்தாயிரம் விழுந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. வாரம் ஒரு குலுக்கல் நடந்த காலம். மார்க்கெட் முழுக்கப் பிரியாணி போட்டாய். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன், உன் முதுகில் தட்டினேன், வீட்டுக்குப் போய்ச் சகுந்தலாவிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன். நானும் சீட்டு வாங்கியவன்தானே, எனக்கு ஏன் விழவில்லை என்று கேட்கக்கூட எனக்கு வழியில்லை. காசைக் காகிதத்துக்குக் கொடுக்க மனசு வராமல் நான் வாங்கியதே இல்லை.

அதன்பின் ஸ்டேஷன் பக்கம் ஒரு நம்பர் சீட்டுக் கடைகள் வந்தன. கடைசி ஒரு எண் விழுந்தால் போதும், பணம். வாரம் ஒரு குலுக்கல் என்பது போய் ஒரு நாளைக்கே நாலைந்து. போனில் ரிசல்ட் கேட்டுக் கரும்பலகையில் எழுதுவார்கள். மார்க்கெட்காரர்கள் உன்னை விடவில்லை. "அண்ணாத்தே, உன் கையால ஒண்ணு கிழிச்சுக் குடு" என்று பூக்கடைக்காரனும் டீக்கடைக்காரனும் உன்னை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் நானும் பத்து ரூபாய் கொடுத்தேன். ஆசையில் இல்லை மச்சான். தோற்கட்டும், உன் கைராசி என்கிற பேச்சு ஒழியட்டும் என்றுதான் கொடுத்தேன். விழுந்தது. நூறு ரூபாய். உனக்கு விழுந்ததைவிடச் சந்தோஷமாக ஓடி வந்து என் கல்லாமேல் வைத்தாய். "பாத்தியா மாமே, நம்ம கை!" என்றாய். என் பணம் ஜெயித்ததும் உன் கையாகிவிட்டது. அந்த நூறை வாங்கிக் கல்லாவில் போட்டேன். அந்தக் கடைப் பக்கம் அப்புறம் நான் போகவில்லை. அதற்கும் உன்மேல் இருந்த எரிச்சல்தான் காரணம்.

இப்போது நினைத்தால் எல்லாம் என் கண் எதிரேதான் நடந்தது. பாத்திரத்தைச் சுண்டிப் பார்த்தே ஓட்டை சொல்கிறவன் நான். உன் விஷயத்தில் மட்டும் ஒவ்வொன்றையும் தப்பாகவே படித்தேன்.

முதலில் நீ பேரம் பேசுவதை நிறுத்தினாய். சவுகார்பேட்டைக்குச் சரக்கு எடுக்கப் போனால் கால் ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவன், "போட்டுக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தாய். நான் பக்கத்தில் நின்று நினைத்தேன்: பெரிய ஆளாகிவிட்டான், சில்லறைக் காசு இவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்புறம் மூன்று மணி ரிசல்ட். கடையில் ஐந்து பெண்கள் சேலை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீ "தோ வந்துடறேன்" என்று போய்விடுவாய். திரும்பி வந்தால் முகத்தை வைத்தே அன்றைய கதை தெரியும். விழுந்த அன்று மார்க்கெட்டுக்கே ஜாங்கிரி. விழாத அன்று வாயே திறக்கமாட்டாய். உன் ஜாங்கிரியை மட்டும் எண்ணினேன். நீ வாய் திறக்காத நாட்களை நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் மாதத்துக்கு இருபத்தைந்து தேறியிருக்கும்.

ஒருநாள் உன் கையில் கடிகாரம் இல்லை. கேட்டேன்.

"சர்வீஸுக்குக் குடுத்துக்கீறேன் மாமே."

இரண்டு மாதம் கழித்துக் கேட்டேன். அதே பதில். வேறு கடிகாரம், இதைவிட விலையானது வாங்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு, அந்த வாரமே நான் ஒரு தங்கக்கலர் கடிகாரம் வாங்கிக் கட்டினேன். நீ அதைப் பார்த்து, "நல்லாக் கீதுடா" என்று மட்டும் சொன்னாய். மணியையும் என் கையிலேயே பார்த்துக்கொண்டாய். மூன்றுக்குப் பத்து நிமிஷம்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விளையாட்டாகக் கேட்டேன்: "இன்னாடா, கடைய விட அந்தக் கரும்பலகையத்தான் ஜாஸ்தி பாக்குற?"

"நெனச்சா நாளைக்கே நிறுத்திடுவேன். நேத்து போனது மட்டும் வந்துடட்டும்" என்று கத்தினாய். நீ என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. நேற்றுப் போனதை இன்று எடுக்கவேண்டும் என்று ஒரு வியாபாரி சொன்னால், அவன் கடை முடிந்தது என்று அர்த்தம். வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு உடனே விளங்கியிருக்கும்.

பிறகு குடம் வந்தது. கோவில்பதாகைத் தெருக்களில் பழைய பாத்திரம் வாங்கும் ஆள் கொண்டுவந்து கொட்டிய மூட்டையில் கிடந்தது. எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டேன். கபூர் பாய் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதலாளி, இது என் எல. வசந்தாம்மா கொடம்."

"புதுசு வாங்கியிருப்பான் பாய். எவர்சில்வர்ல."

"புதுசு வாங்குறவங்க பழசத் தூக்கினு நம்ம கடைக்கே வந்து, எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துனு போவாங்க. இங்க பழசு மட்டும் வந்துகீது. புதுசு எங்க போச்சு?"

"சவுகார்பேட்டைல எடுத்திருப்பான். நம்ம கடைல வாங்கினா அவன் கவுரவம் இன்னா ஆவறது?"

பாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. "சீர்க் கொடத்த எந்தப் பொம்பளயும் தெருவுல போறவன்கிட்டப் போடமாட்டா மொதலாளி. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. சொன்னா ஊடு நிக்கும்."

நான் சொல்லவில்லை. சொன்னால் பொறாமையில் சொல்கிறான் என்பார்கள் என்று பயந்தேன். பொறாமை இருந்ததால்தான் அந்தப் பயமே வந்தது. பாய் சொல்வது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும் மச்சான். தெரிந்ததும் மனசின் ஒரு மூலையில் குளிர்ந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். குடத்தைச் சாக்கில் சுற்றிப் பரணில் போடச் சொன்னேன். என்றைக்காவது உன் முன்னால் வைத்து, 'எங்கேடா உன் கைராசி' என்று கேட்கத்தான் போட்டேன்.

மூன்று மாதத்தில் கோவில்பதாகை வீட்டைக் காலி செய்து திருநின்றவூருக்குப் போனாய். "ஏரிக் காத்து மாமே. எடம் ஒண்ணு பாத்து வெச்சுக்கீறேன்" என்றாய். நான் நம்பினேன். இவன் மனை வாங்குகிறான், நான் மட்டும் வாடகை வீட்டில் சாவதா என்று, இருந்த நகையை அடகு வைத்து வெள்ளானூரில் ஒரு மனை வாங்கினேன். உனக்கு அங்கே இருந்தது வாடகைக்கு ஒற்றை அறை என்பது உன் சாவுக்கு நான் வந்தபோதுதான் தெரிந்தது. அந்த வெள்ளானூர் மனை இன்றைக்கு எத்தனையோ மடங்கு ஏறிவிட்டது. என் சொத்தில் பாதி உன்மேல் இருந்த பொறாமையில் வாங்கியது.

கடைசியாகக் கடை. நீயே வந்து நின்றாய். "நீ எடுத்துக்க மாமே. ராசியான கடை, வேற எவனுக்கும் போவ வேணாம்." நான் வழக்கம்போல, நீ ஏற்றுவாய் என்று நினைத்துப் பாதி விலையில் ஆரம்பித்தேன். நீ ஏற்றவில்லை. "சரி, குடு" என்றாய். மணி இரண்டரை. அன்று நீ ஒரு வார்த்தை பேரம் பேசியிருந்தால் நான் மேலே போயிருப்பேன். பேசவில்லை என்பதற்காக நானாக ஏற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நடுச்சுவரை இடித்து இரண்டு கடையையும் ஒன்றாக்கினேன். கடை பெரிசாயிற்று. நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனபோது, மார்க்கெட் முழுக்க அடைத்துவிட்டு உன் ஊர்வலத்துக்கு வந்தது. எனக்கு அப்படி அடைப்பார்களா என்று அங்கேயும் நினைத்தேன்.

இந்தப் பொங்கலுக்குச் சகுந்தலாவின் தம்பி வந்திருந்தான். குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறான், தொழிற்சாலை வேலை. அக்கா குழந்தைகளுக்குக் கைநிறைய வாங்கி வந்தான். விலை கேட்டேன், தெரியவில்லை என்றான். பேச்சு நடுவில் இரண்டு தடவை என் கையைத் திருப்பி மணி பார்த்தான். அவன் கையில் கடிகாரம் இல்லை.

"சர்வீஸுக்குக் குடுத்திருக்கியா?" என்றேன்.

அவன் முகம் வெளுத்தது.

"மூணு மணிக்கா, நாலு மணிக்கா உனக்கு ரிசல்ட்டு?"

எழுந்து கத்தினான். சகுந்தலா அடுப்படியில் இருந்து வந்தாள். அவள் எதிரிலேயே, உன் கதை, குடத்தின் கதையோடு சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். "எந்தம்பி நல்லா இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கல" என்றாள்.

"பொறுக்கலைன்னே வெச்சுக்க. மொதல்ல இவன் பெண்டாட்டியக் கூப்பிட்டு, ஊட்டுல என்னென்ன இருக்குது, என்னென்ன இல்லைன்னு கேளு."

கேட்டாள். தையல் மிஷின் இல்லை, குழந்தையின் கொலுசு இல்லை. 'ரிப்பேருக்குப் போயிருக்கு' என்று அந்தப் பெண் சொன்னாளாம். அவன் வீட்டுக்கே போய்த் திரும்பி வந்த சகுந்தலா, தேய்த்துவைத்த குடத்துக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இவ்ளோ வெவரம் தெரியுதே உங்களுக்கு. அன்னிக்கு ஏன் வசந்தாகிட்ட வாயத் தொறக்கல?"

அதனால்தான் நேற்றுக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் திருநின்றவூர் போனேன். எதிரில் இருந்தவன், "இன்னா அண்ணாத்தே, பொண்ணு பாக்கப் போறியா, தண்ணி புடிக்கப் போறியா?" என்றான். பெட்டியே சிரித்தது. நீயாக இருந்தால் திருப்பி ஒன்று போட்டிருப்பாய். நான் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வசந்தா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். குடத்தைப் பார்த்ததும் மிஷின் மிதித்த கால் நின்றுவிட்டது. இலையை விரலால் தடவினாள்.

"எங்க கெடச்சுது அண்ணே?"

சொன்னேன். எப்போது வந்தது, பாய் என்ன சொன்னார், நான் ஏன் சொல்லவில்லை, பரணில் எதற்குப் போட்டேன், எல்லாம். "எனக்கு அவன்மேல பொறாமம்மா" என்றும் சொன்னேன். முதல் தடவையாக ஒரு மனுஷியிடம் வாய்விட்டு.

அவள் அழவில்லை. "கொடம் காணோம்னு அன்னிக்கே கேட்டேன். ஓட்டை, பத்தவைக்கக் குடுத்திருக்கேன்னாரு. நம்பினேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்று நிறுத்தினாள். "அன்னிக்கு என் கையில வளையல் இருந்துது அண்ணே. கடை இருந்துது. கொடம் மட்டும்தான் போயிருந்துது."

நூலை வெட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "அவருக்கும் உங்கமேல பொறாமதான், தெரியுமா?"

"என்மேலயா?"

"உங்களுக்கு ஒருவாட்டி நூறு ரூவா விழுந்துச்சாமே. அதையே சொல்லிச் சொல்லி மாய்வாரு. 'நூறு விழுந்துச்சு வசந்தா, மறுநாளு கடைய விட்டு எழுந்திருக்கவே இல்ல அவன். எப்படி முடியுது அவனால? எனக்கு அது மட்டும் வர்ல'ன்னு. கடைசி வரைக்கும் கேட்டாரு."

மச்சான், இத்தனை வருஷம் உன் கையைப் பார்த்து நான் எரிந்தேன். நீ, கடையை விட்டு நகராத என் காலைப் பார்த்து எரிந்திருக்கிறாய். என்னிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், உன்மேல் இருந்த கடுப்பில்தான் அன்று எழுந்திருக்கவில்லை என்று சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது இதுதான்: கடிகாரம் இல்லாத கை என் கண்ணில் உடனே படுகிறது, பேரம் பேசாதவனைக் கண்டால் பயமாக இருக்கிறது, பட்டதைப் பட்ட இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். மச்சினன் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் அவன் சம்பளக் கவர் இந்த மாதம் அவன் மனைவி கைக்குப் போயிருக்கிறது.

குடத்தை வைத்துவிட்டு எழுந்தேன். வசந்தா விடவில்லை.

"வெல சொல்லுங்க."

"வெலயா? இது உன் சீரும்மா."

"சும்மா வந்தது எங்க ஊட்டுல போதும் அண்ணே. வெல சொல்லுங்க."

இன்றைய விலை சொன்னேன். சிரித்தாள். "நீங்க அன்னிக்குப் பழைய பித்தளைக்கு இன்னா குடுத்தீங்களோ அதான். அதுக்கு மேல பைசா பேராது." உன் குரல் அப்படியே. எனக்குத் திரும்பவும் எரிந்தது. இவள் கிடைக்க உனக்குக் கொடுத்து வைத்திருந்ததே என்று.

முடிந்த பேச்சு இது: குடம் மூன்றேகால் கிலோ, அன்று நான் கொடுத்த விலை கிலோ ஐம்பத்தாறு, மொத்தம் நூற்று எண்பத்திரண்டு ரூபாய். மாதம் பத்து ரூபாய்த் தவணை. ஒவ்வொரு மாதமும் சம்பளத் தேதி அன்று காலை, கடை திறந்ததும் வசந்தாவே நேரில் வந்து கொடுக்கவேண்டும். அவள் கைப் பணம் விழும்வரை வேறு யாருக்கும் அன்று போணி கிடையாது.